வெஸ்பாசியன் கழுத்தில் அரம்

பித்தளைக்கு அன்று விடிந்ததிலிருந்தே வலது தோள் விண் விண்ணென்று தெறித்தது. தோளில் கிளம்பிய வலி முழங்கையில் கொஞ்சம் தங்கி, கட்டைவிரலுக்கு இறங்கி, அங்கே மரத்துப்போனது. தேநீர்க் குவளையை இடது கையால் எடுத்தான்.

"இன்னிக்கு லீவு சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"லாரி வருது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழைய உலோகக் கிடங்கில் தரம் பிரிப்பது அவன் வேலை. குழாய், வால்வு, கதவுப்பிடி, மோட்டார் உள்ளுறுப்பு என்று எல்லாம் கலந்து குவியலாக வரும். முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, தூக்கிப் போடு. ஒட்டாவிட்டால் விளிம்பில் அரத்தால் ஓர் இழுப்பு. மேலே எந்தப் பூச்சு பூசியிருந்தாலும் அரம் போன இடத்தில் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். சிவந்தால் செம்பு, மஞ்சளடித்தால் பித்தளை, இரண்டுக்கும் நடுவே மங்கினால் வெண்கலம், வெளுத்தால் துத்தநாகம். இடது கை எடுக்கும், வலது கை இழுக்கும், கண் பார்க்கும், இடது கை எறியும். மூளைக்கு அங்கே வேலை கிடையாது. மூளையை நுழைய விட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் மேலாளர் கத்துவார்.

பித்தளை என்ற பெயர் பெற்றவர்கள் வைத்ததில்லை. பத்தடி தள்ளி நின்றே பித்தளை எது என்று சொல்லிவிடுவான் என்பதால், அதே கிடங்கில் காஸ் தீயால் இரும்பு வெட்டுகிற மச்சினன் வைத்தது. இப்போது சம்பளச் சீட்டிலும் அதுதான்.

இவன் ரோமாபுரிப் பேரரசர்களின் காசு சேர்க்கிறவன் என்று சொன்னால், கிடங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

தொடங்கி வைத்தது ஒரு கடைவாய்ப்பல். அதன் வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனான். அந்த அம்மாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் காசுகளைப் பரப்பி வைத்திருந்தார். ஊசி ஏறி, பாதி முகம் மரத்து, எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தவன் கண்ணில் ஒரு காசு பட்டது. உள்ளங்கையில் பாதியை அடைக்கிற பெரிய பித்தளைக் காசு. பச்சைக் களிம்பு ஏறி, அந்தக் களிம்பே தோல் மாதிரி மழமழவென்று படிந்திருந்தது. அதில் ஒரு கிழவன். வழுக்கை. நெற்றியில் மூன்று சுருக்கம். காளைக் கழுத்து. மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிறவன் முகம். செதுக்கினவன் இந்தக் கிழவனுக்குப் பயந்து செதுக்கவில்லை என்று பித்தளைக்குத் தோன்றியது. வழுக்கையை மறைக்கவில்லை, சுருக்கத்தைக் குறைக்கவில்லை.

"யாரு டாக்டரம்மா இந்த ஆளு?" என்று கோணின வாயால் கேட்டான்.

"வெஸ்பாசியன். பேரரசர். மூத்திரத்துக்கே வரி போட்டவரு."

பிறகு இதைக் கிடங்கில் சொன்னபோது மச்சினன், "அப்ப நம்ம முதலாளிக்கு இவருதான் பாட்டன்" என்றான். கழிவறைக்குப் போகிற நேரத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது.

டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் ஆசையை நட்டு அனுப்பிவிட்டார் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். பித்தளை சிகரெட்டை விட்டான். பஸ்ஸை விட்டு நடந்தான். வருடத்துக்கு ஒரு காசு, அதுவும் முகம் நன்றாக இருந்தால்தான். பின்பக்கத்தில் எந்தச் சாமி நிற்கிறது, சுற்றிலும் என்ன எழுத்து ஓடுகிறது என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். "இந்த ஆளு நாளைக்கு டீக்கடையில வந்து நின்னா எனக்கு அடையாளம் தெரியணும். அவ்வளவுதான்" என்பான். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துச் சேர்த்ததில், அவனிடம் இருந்த உயர்ந்த சரக்கு ஒரு வெள்ளிக் காசு. விட்டெலியஸ். தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, அதற்குக் கீழே கழுத்தா மூன்றாம் தாடையா என்று சொல்ல முடியாது.

"எட்டு மாசம் ஆண்டவன், எட்டு மாசமும் தின்னே தீர்த்தவன். அவனைப் பஞ்சு மெத்தையில படுக்க வச்சிருக்கீங்க. இருபது வருஷமா ஆக்கிப் போடறவளுக்கு ஒரு தலையணை மாத்தித் தரல" என்பாள் மனைவி.

அந்தக் குண்டனின் மேல் டாக்டருக்குக் கண். இவனுக்குக் கிழவன் மேல் கண். இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, போன வாரம் ஃபோனில் டாக்டர் சரி என்றார். குண்டனைக் கொடுத்துக் கிழவனை வாங்குவது. அந்த வாரம் முழுக்க பித்தளைக்கு வலி தெரியவில்லை. இன்றுதான் தெரிந்தது.

நண்பகலுக்குச் சற்று முன்னால் டாக்டர் ஒரு சின்ன வண்டியில் வந்து இறங்கினார். மருத்துவமனையின் பழைய நாற்காலியைப் பழைய விலைக்குப் போட வந்திருந்தார். மச்சினன் வெட்டுக் குழாயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி வந்தான்.

"இதுல எத்தனை பேரு அழுதிருப்பாங்க டாக்டரம்மா?"

"எல்லாரும் ஊசி போட்ட பிறகு அழுவாங்க. உங்க மாமா ஊசியைப் பார்த்தே அழுதாரு."

நாற்காலியைப் பிரித்து, அதன் குழாய்களையும் திருகுகளையும் பித்தளையின் மேசையில் கொட்டினார்கள். டாக்டர் கைப்பையிலிருந்து பஞ்சுச் சுருளை எடுத்துப் பிரித்து, கிழவனை அவன் உள்ளங்கையில் வைத்தார். இதுவரை கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்ததுதான். கையில் இப்போதுதான் வந்தது. நல்ல கனம். நெற்றிச் சுருக்கத்தை நகத்தால் தொடாமல் தொட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்" என்றார் டாக்டர். "என்னால இவரைக் குடுக்க முடியாது."

"ஃபோன்ல சரின்னீங்களே."

"சொன்னேன். சொன்னதிலிருந்து மனசே சரியில்ல. காலையில கிளினிக்கைத் திறந்ததும் நான் முதல்ல பார்க்கிற மூஞ்சி இது. கோவிச்சுக்காதீங்கண்ணே."

"பரவால்ல டாக்டரம்மா" என்றது வாய்.

"கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. எடை போட்டுட்டு வந்துடறேன்."

அவர் தராசுப் பக்கம் போனார். லாரி வந்து ஒலி எழுப்பியது. "பித்தளை! கை ஏன்யா நிக்குது?" என்று மேலாளர் அறையிலிருந்து கத்தினார். காசை ஒரு துணி மேல், மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு அரத்தை எடுத்தான். தோள் தெறித்தது. குழாய்: மஞ்சள், எறிந்தான். திருகு: வெளுப்பு, எறிந்தான். கிழவன் தனக்கு இல்லை என்பதை நினைத்தான். மூடி: மஞ்சள். ரெண்டு வருஷம் கேட்டோம் என்று நினைத்தான். இடது கை எடுத்தது, வலது கை இழுத்தது.

சத்தம் வேறாக இருந்தது.

சுத்தமான பித்தளை என்று மூளை முதலில் சொன்னது. அது யார் என்று அப்புறம்தான் சொன்னது. கிழவனின் பிடரியில், விளிம்பிலிருந்து கழுத்துச் சதை வரைக்கும், பச்சையைக் கிழித்துக்கொண்டு நகத்தின் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. புதுக் குழாய் மாதிரி பளபளத்தது.

டாக்டர் திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். காசை நீட்டினான். அவர் பார்த்தார். அவன் கையிலிருந்த அரத்தைப் பார்த்தார்.

"நான் தரமாட்டேன்னு சொன்னதுக்கா அண்ணே?"

"ஐயோ, இல்ல டாக்டரம்மா. கைப் பழக்கம். கை தானா போயிடுச்சு."

பஞ்சை எடுத்து, கிழவனைச் சுற்றி, பைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. பல்லைப் பிடுங்கும்போதுகூடப் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷி, வண்டியில் ஏறுகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதே மாதிரி ஒண்ணு நான் தரேன்" என்று வண்டியின் ஓரமாக நடந்துகொண்டே சொன்னான். "காயம் இல்லாத கிழவன். நான் தரேன் டாக்டரம்மா."

வண்டி போய்விட்டது.

சாயங்காலம் மனைவி அவன் தோளில் தைலம் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், எரிஞ்சு விழாதீங்க. கையா, மனசா?"

"கைதான்."

"தர மாட்டேன்னு சொல்லி ரெண்டு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள கை போயிருக்கு."

"கைதான்னு சொல்றேன்ல."

"எனக்குத் தெரியும், நான் நம்பறேன். அந்தம்மா நம்புமா?"

பித்தளை சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அவளிடம் சொன்ன அதே வேகத்தில் தன்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கை எடுத்தபோது அவன் கிழவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நினைப்புக்கும் கைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. கிடைக்காததைக் கெடுத்துவிட்டுப் போகிறவன் என்று அந்த அம்மாள் தன்னை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாயால் எத்தனை தரம் சொன்னாலும் அந்த நினைப்பு போகாது. ஒரு கிழவனைக் கொண்டுபோய் வைத்தால் போகும்.

"குண்டனைக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. "அதைத்தானே கேட்டுட்டிருந்தாங்க."

மறுநாள் குண்டனை எடுத்துக்கொண்டு போனான். டாக்டர் வாங்கவில்லை.

"இதை வாங்கினா மாத்திக்கிட்ட மாதிரி ஆயிடும். மாத்த மாட்டேன்னு சொல்லத்தானே நேத்து உங்ககிட்ட வந்தேன்? எனக்கு எதுவும் வேண்டாம்ணே. போங்க, விடுங்க."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிழவன் இருந்த இடம் வட்டமாக வெறுமையாகக் கிடந்தது.

"அப்ப கிழவனையே தரேன்" என்றான் பித்தளை.

"விடுங்கன்னு சொல்றேன்ல."

"நீங்க விடலாம். நான் விட முடியாது."

அதற்கப்புறம் அவன் தேடியதைத் தேடல் என்று சொல்வது குறைவு. காசுக்காரர்கள் வாடகை மண்டபங்களில் மேசை போட்டு, வெல்வெட் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். எங்கே தட்டு போட்டாலும் பித்தளை போய் நின்றான். சில ஊருக்கு ரயிலில் நின்றுகொண்டே போனான். மச்சினனையும் கூட்டிப்போவான். அவனுக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவன் உடம்பைப் பார்த்தால் ஏமாற்ற நினைக்கிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

கிடைத்த கிழவன்கள் எல்லாம் ஏதாவது ஒன்று இல்லாத கிழவன்கள். ஒருவனுக்கு மூக்கில்லை. ஒருவனுக்கு நெற்றி தேய்ந்து சட்டியின் அடி மாதிரி இருந்தது. ஒரு தட்டுக்காரர் வெஸ்பாசியன் என்று சத்தியம் செய்து நீட்டினார். பித்தளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான். "இது கிழவனுக்கு அப்புறம் ஆண்ட பையன். எனக்கு அப்பன் வேணும்."

"ஜாடை ஒண்ணுதானே சார்?"

"உங்க பையனை உங்க வீட்டம்மா உங்களுக்குப் பதிலா வச்சுக்குவாங்களா?"

மச்சினன் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வருடம் அப்படியே போயிற்று. தோளுக்கு ஊசி போட்டுக்கொண்டான். அரம் இழுப்பதை இடது கைக்கு மாற்றிப் பார்த்தான், மேலாளர் கத்தினார், பழையபடி வலதுக்கே வந்தான். அந்த வருடம் தனக்கென்று ஒரு காசும் வாங்கவில்லை. "பேயை ஓட்டறதுக்கு இன்னொரு பேயா?" என்றாள் மனைவி. ஆனால் ரயிலுக்கு எழுப்பிவிடுகிறவளும் அவள்தான்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேற்றூர் மண்டபம் ஒன்றில், கடைசி மேசையில் கிழவன் இருந்தான். பச்சைத் தோல். காளைக் கழுத்து. நெற்றியில் மூன்று சுருக்கம், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆழமாக. தட்டுக்காரர் சொன்ன விலைக்கு அவன் கிடங்கையே எடை போட வேண்டும். மாத்திரை டப்பாவைத் திறந்து குண்டனை மேசையில் வைத்தான்.

தட்டுக்காரர் குண்டனை எடுத்தார், விளக்கில் திருப்பினார், அவசரப்படாதவர் மாதிரி அவசரப்பட்டார். "மாத்திக்கலாம். ஆனா எங்க வழக்கம் தெரியும்ல? கண்ணால பார்த்து எடுக்கறது. எடுத்தா எடுத்ததுதான். அப்புறம் வந்து திருப்பற பேச்சு கிடையாது."

"தெரியும்."

"மாமா, ஒரு தரம் நல்லாப் பாரு" என்றான் மச்சினன்.

"ஒரு வருஷமாப் பார்த்துட்டுத்தான்டா இருக்கேன்."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வழி முழுக்கக் கிழவனையே பார்த்துக்கொண்டு வந்தான். மச்சினன் ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம மேலாளருக்கு மொட்டை போட்டா இப்படித்தான் இருப்பாரு" என்றான்.

மறுநாள் டாக்டரிடம் போனபோது நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்தார். டாக்டர், "ரெண்டு நிமிஷம் வாயைத் திறந்தே வைங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். பித்தளை கிழவனை மேசையில் வைத்தான்.

"நிஜமாவே கொண்டு வந்துட்டீங்களா!" டாக்டர் சிரித்தார். ஒரு வருடத்தில் முதல் சிரிப்பு. நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக் காசை எடுத்தார். பார்த்தார். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"அருமையா இருக்குண்ணே. கணக்கு தீர்ந்தது." இழுப்பறையைத் திறந்து காசை உள்ளே வைத்து மூடினார்.

பித்தளை நகரவில்லை. காசு சேர்க்கிறவர்களை அவனுக்குத் தெரியும். புதிதாக ஒரு முகம் கைக்கு வந்தால் சோறு தண்ணி மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இழுப்பறையில் போட்டு மூடுகிறவர்கள் கிடையாது.

"என்ன டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்ல. ஆள் காத்திட்டிருக்காரு."

"என்னன்னு சொல்லுங்க."

நாற்காலியில் இருந்தவர் பஞ்சோடு ஏதோ சொன்னார். "உங்களைச் சொல்லலைங்க" என்றார் டாக்டர். பிறகு பெருமூச்சு விட்டு இழுப்பறையைத் திறந்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றி, காசோடு அவனிடம் கொடுத்தார்.

"சுருக்கத்தோட அடியைப் பாருங்க. நான் தினமும் பல்லைக் குடையறவ. குடைஞ்ச இடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பார்த்தான். மூன்று சுருக்கத்தின் அடியிலும் கருவி துள்ளித் துள்ளிப் போன தடம், படிப்படியாக. கண்ணோரத்திலும் அதே தடம். அதன்மேல் பச்சையைப் பூசியிருந்தார்கள். தேய்ந்து மழுங்கிப்போன ஒரு கிழவனுக்கு, எவனோ ஒருவன் போன வருடமோ அதற்கு முந்திய வருடமோ உட்கார்ந்து புதிதாக முகம் வெட்டியிருக்கிறான்.

பித்தளை உட்கார்ந்துவிட்டான். கருவி போன தடத்தைக் கண்ணால் பார்க்கிறதுதான் அவனுக்குச் சோறு போடுகிற தொழில். மண்டபத்தில் அந்தக் கண் வேலை செய்யவில்லை. உலோகத்தைப் பார்க்கவே இல்லை, முகத்தை மட்டும் பார்த்தான். வேண்டும் வேண்டும் என்று பார்த்தான்.

"எதைக் குடுத்து வாங்கினீங்க?" என்றார் டாக்டர், மெதுவாக.

"குண்டனை."

டாக்டர் காசை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அண்ணே, கேளுங்க. அன்னிக்கு நான் உங்களைத் தப்பா நினைச்சேன். ஒரு வாரம் நினைச்சேன், அவ்வளவுதான். அப்புறம் இல்ல. என் கிழவன் உள்ளதான் இருக்காரு, அந்தக் காயத்தோட. எனக்கு அது போதும். இதையும் நானே வச்சுக்கறேன். தீர்ந்ததுன்னு எழுந்து போங்க."

"தீரலையே டாக்டரம்மா."

"நான்தானே கடன்காரி? தீர்ந்துச்சுன்னு நான் சொல்றேன்."

"கடன் குடுத்தவங்க நீங்க. கடன்காரன் நான்." எழுந்து கையை நீட்டினான். "குடுங்க அதை. பொய் மூஞ்சி உங்க மேசையில இருக்க வேண்டாம்."

அவர் கொடுக்க யோசித்தார். கை நீண்டபடியே இருந்தது. வலது கைதான், தோளிலிருந்து வலி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மடக்கவில்லை. கடைசியில் காசை அதில் வைத்தார்.

"பிடிச்ச பிடியை விடமாட்டீங்க, இல்ல?"

"அடுத்த மாசம் வேற ஊர்ல தட்டு போடறாங்க. கண்ணாடியை அன்னிக்கு மட்டும் இரவல் குடுங்க."

"நானே வரேன்" என்றார் டாக்டர். "ஒருத்தர் கண்ணு முகத்தைப் பார்க்கட்டும், ஒருத்தர் கண்ணு உலோகத்தைப் பார்க்கட்டும்."

"வாங்க. ஆனா வாங்கறது நான்."

நாற்காலிக்காரர் வாயைத் திறந்தபடியே தலையாட்டினார், யாருக்கு என்று தெரியவில்லை. பித்தளை வெளியே வந்தான். கிடங்குக்கு நேரமாகிவிட்டது. மதியக் குவியல் வந்து இறங்கியிருக்கும்.

பல் டாக்டருக்கு அவன் ஒரு வெஸ்பாசியன் தர வேண்டும். பெரிய பித்தளைக் காசு, பச்சைத் தோல், எவனும் கருவி வைக்காத முகம். இன்னும் தரவில்லை.